காற்று போய்ச் சேர வேண்டும்

"ஏனுங்க மேஸ்திரி, தண்ணி பழையபடி வர்றதில்லீங்க. டீசல மட்டும் குடிக்குதுங்க" என்றார் தோட்டக்காரர். 1981-ஆம் ஆண்டு, பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கிணற்று மேடு. நான் பட்டறையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜின் தடதடவென்று ஓட, புகைக்குழாயிலிருந்து தார் நிறத்தில் புகை எழுந்து தென்னை மட்டைகளுக்குள் புகுந்தது. வாய்க்கால் ஓரம் துணி துவைத்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் ஏர் ஃபில்டரைக் கழற்றப் போனேன். கறுப்புப் புகை என்றால் காற்றடைப்பு என்பதுதான் அதுவரை நான் கற்றிருந்தது. "அதையும் பாரு. ஆனா அங்க ஒண்ணும் இருக்காது" என்றார் மேஸ்திரி. ஃபில்டர் சுத்தமாகவே இருந்தது.

ஹெட்டைக் கழற்றினோம். ஹெட் கேஸ்கெட் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருந்தது. கனெக்டிங் ராடின் புஷ் தேய்ந்து, பிஸ்டன் ஹெட்டில் தட்டியிருக்கிறது. முன்பு வேலை பார்த்த யாரோ தேய்ந்ததை மாற்றாமல், இன்னொரு கேஸ்கெட் வைத்து ஹெட்டை உயர்த்திவிட்டுப் போயிருக்கிறார். மேஸ்திரி பிஸ்டன் தலையில் கிரீஸ் தொட்டு, ஈயக் கம்பித் துண்டுகள் இரண்டை ஒட்டினார். ஹெட்டைப் பூட்டி, ஃப்ளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி கழற்றினார். நசுங்கிய ஈயத்தை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தார். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள சந்து இரண்டு மில்லிமீட்டருக்கும் மேல். இருக்க வேண்டியது ஏறத்தாழ ஒன்று.

"இந்தச் சந்துல இருக்கற காத்து சும்மா கெடக்குது தம்பி. டீசல் குழிக்குள்ள எரியுது, காத்து சந்துக்குள்ள நிக்குது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்கறதே இல்ல."

புஷ்ஷும் பேரிங்கும் மாற்றி, ஒற்றைக் கேஸ்கெட்டோடு பூட்டினோம். அன்று மாலை அதே இன்ஜின் அதே கிணற்றில் இறைத்தது. புகைக்குழாயின் வாயில் வெக்கை நெளிவது மட்டும் தெரிந்தது. துவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து இன்ஜினைப் பார்த்தார்; நின்றுவிட்டதோ என்று நினைத்தாராம்.

நாற்பது ஆண்டுக்கு மேல் பிஸ்டன்களோடு பழகிவிட்டேன். பட்டறையிலும் ஆய்வகத்திலும் கற்றதையெல்லாம் சுருக்கிச் சொல்லச் சொன்னால் மேஸ்திரி சொன்ன இடத்துக்குத்தான் வந்து நிற்பேன். டீசல் இன்ஜினுக்குள் காற்று பெரும்பாலும் வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. அது எண்ணெயிடம் நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. சேர்த்துவைக்கும் வேலையில் பெரும் பங்கு பிஸ்டன் தலையில் இருக்கும் அந்தக் குழிக்கு உரியது.

*

1990-இல் கோவைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் இன்ஜின் ஆய்வகத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். அங்கே நின்றது எனக்குப் பழக்கமான வகை இன்ஜின்தான்: கிர்லோஸ்கர் டிவி1. ஒற்றை சிலிண்டர், நிமிடத்துக்கு 1500 சுற்று, 5.2 கிலோவாட். சிலிண்டர் விட்டம் 87.5 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ., கம்ப்ரஷன் விகிதம் 17.5. பிஸ்டன் தலையில் பந்தைப் பாதியாய் அறுத்தது போன்ற குழி. பட்டறையில் அதை பவுல் என்போம். நம் நாட்டுக் கல்லூரிகளில் டீசல் எரிவதைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகளில் ஒரு பெரும் பகுதி இந்த இன்ஜினின் முதுகில் ஏறி வந்தவை.

சேர்ந்த முதல் மாதம் பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டார். நான் ஸ்பானரோடு பின்னால் நின்று கேட்டேன். இந்த இன்ஜினின் கொள்ளளவு 661 சி.சி. நம் ஊர் வெப்பத்தில் ஒரு தடவை உள்ளே வரும் காற்றின் எடை ஏறத்தாழ 650 மில்லிகிராம். முழுச் சுமையில் ஒரு தடவை பீய்ச்சப்படும் டீசல் சுமார் 30 மில்லிகிராம், ஏறத்தாழ ஒரு சொட்டு. டீசல் முழுக்க எரிய அதன் எடைக்குப் பதினாலரை மடங்கு காற்று வேண்டும். அதாவது 435 மில்லிகிராம். "வேண்டியதைப் போல ஒன்றரைப் பங்கு காற்று உள்ளே இருக்கு. அப்புறம் ஏன் புகையுது?" என்று மாணவர்களைக் கேட்டார். எனக்குப் பல்லடத்துக் கிணற்று மேடு கண்ணில் வந்து நின்றது.

அவர் அடுத்துப் போட்டது நேரக் கணக்கு. 1500 சுற்றில் ஒரு சுற்றுக்கு 40 மில்லிவினாடி. கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஒரு மில்லிவினாடியில் ஒன்பதில் ஒரு பங்கு. டீசல் பீய்ச்சும் நேரம் சுமார் இருபது டிகிரி என்று வைத்தால், இரண்டு மில்லிவினாடி சொச்சம். அதற்குள்ளும் அதை ஒட்டியும் அந்தச் சொட்டு தூளாகி, ஆவியாகி, தனக்குரிய காற்றைத் தேடிக் கண்டு எரிந்து முடிய வேண்டும். தாமதித்தால் பிஸ்டன் கீழே இறங்கிவிடும், வெப்பம் தணிந்துவிடும். எரியாத கரி வெளியே வந்துவிடும்.

மேஸ்திரி இதை வேறு மாதிரி சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம் தூக்குப்போசியில் வந்த ராகிக் களியில் மாவுக்கட்டி ஒன்று கிடந்தது. அதைப் பிட்டுக் காட்டினார். வெளியே வெந்திருந்தது, உள்ளே வெறும் மாவு. "தண்ணி நெறைய இருந்துச்சு. கிண்டினது பத்தல" என்றார். 1997-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் டெக் என்பவர் எரியும் டீசல் தாரைக்குள் லேசர் ஒளி செலுத்திப் பார்த்ததைத் தொகுத்து எழுதினார். தாரையின் வெளிப்புறத்தில்தான் தீ உறைபோல மூடி நிற்கிறது, உட்புறம் காற்றுக்கு ஏங்கிக் கரியாகிக்கொண்டிருக்கிறது என்பது அதில் தெளிவானது. பேராசிரியர் அந்தப் படத்தை எனக்குக் காட்டியபோது நான் பார்த்தது மேஸ்திரியின் கையிலிருந்த களிக்கட்டியைத்தான்.

*

களியைக் கிண்டத் துடுப்பு இருக்கிறது. மூடிய சிலிண்டருக்குள் துடுப்பு போடுவது யார்? இரண்டு வழி உண்டு.

ஒன்று, காற்று உள்ளே வரும்போதே சுழன்று வருவது. இன்டேக் பாதையைச் சற்றே வளைத்துச் சுருளாக வார்த்தால், வாளியில் பக்கவாட்டில் ஊற்றிய தண்ணீரைப் போலக் காற்று சிலிண்டருக்குள் வட்டமிடும். பிஸ்டன் மேலேறும்போது அந்தச் சுழல் அகன்ற சிலிண்டரிலிருந்து குறுகிய குழிக்குள் திணிக்கப்படுகிறது. கல்லைக் கயிற்றில் கட்டிச் சுழற்றிக்கொண்டே கயிற்றை உள்ளிழுத்தால் வேகம் கூடுமே, அதேபோல் குழிக்குள் சுழலின் வேகம் பல மடங்காகிறது.

மற்றொன்று, நசுக்கல். பிஸ்டனின் தட்டையான விளிம்பு ஹெட்டை நெருங்கும்போது இடையிலுள்ள காற்று குழியை நோக்கிச் சீறிப் பாய்கிறது. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சுமார் பத்து டிகிரி முன்பு அந்தப் பாய்ச்சல் மிகக் கடுமையாக இருக்கும். டீசல் வந்து விழுவதும் அந்த நேரத்தில்தான். மேஸ்திரி ஈயக் கம்பியால் அளந்த சந்து இதற்குரியது. எங்கள் இன்ஜினின் அளவில் அந்தச் சந்து ஒரு மில்லிமீட்டர் கூடினால், எரியும் அறை 40 சி.சி.யிலிருந்து 46 ஆகிவிடும், கம்ப்ரஷன் 17.5-இலிருந்து 15.4-க்கு விழுந்துவிடும். பாய்ச்சலும் தளரும், சந்தில் தங்கும் காற்றும் பெருகும். தோட்டக்காரரின் டீசல் போன வழி அது.

சந்தை இன்னும் குறைத்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். சூட்டில் அலுமினியம் விரிகிறது, ராடு இழுபடுகிறது, பேரிங் தேய்கிறது, தலையில் கரி படிகிறது. இவற்றுக்கெல்லாம் இடம் விட்டாக வேண்டும்.

*

2004-இல் ஆய்வு மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். "அண்ணா, இந்த பிஸ்டன் தலையில நாலு காடி வெட்டணும். காடி வழியா காத்து சாய்வாப் பாஞ்சு குழிக்குள்ள சுத்தும்" என்றார். வரைபடம் அழகாக இருந்தது. குழியின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக, தொடுகோட்டுச் சாய்வில் நான்கு பள்ளங்கள். எனக்கும் ஆசை மூண்டது. மில்லிங் மெஷினில் அரை நாளில் வெட்டிக் கொடுத்தேன்.

ஓட்டிப் பார்த்தோம். இன்ஜின் காலையில் பிடிக்க மறுத்தது. பிடித்த பிறகு கணகணவென்று தட்டியது. சுமை ஏற்றியபோது புகை முன்னைவிட அதிகம். ப்யூரெட்டில் 10 சி.சி. டீசல் தீரும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுப்போம், அதுவும் குறைந்துவிட்டது. தம்பியின் முகம் வாடியது. இரண்டு ஆண்டு யோசித்த யோசனை ஒரு மத்தியானத்தில் பொய்த்துவிட்டதாக நினைத்தார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காடி வெட்டும்போது மில்லிங் மெஷின் தட்டில் விழுந்த சீவல்கள் நினைவில் வந்தன. அவ்வளவு அலுமினியத்தை எடுத்திருக்கிறேன். எடுத்த இடத்தில் என்ன நிரம்பும்? காற்றுதான். மறுநாள் பிஸ்டனைக் கழற்றிச் சமமாக நிறுத்தி, மேலே துளையிட்ட கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, ப்யூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பழைய பிஸ்டனைவிட இரண்டரை சி.சி. அதிகம் பிடித்தது. கம்ப்ரஷன் 17.5 என்பது 16.5 அளவுக்கு இறங்கியிருந்தது. இன்ஜின் பிடிக்காததும், தீப்பிடிக்கத் தாமதமாகி ஒரேயடியாக வெடித்துத் தட்டியதும் அதனால்தான். காடி நல்லதா கெட்டதா என்பதை நாங்கள் சோதிக்கவே இல்லை. கம்ப்ரஷனைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதைச் சோதித்திருக்கிறோம்.

அது என் தவறு. வெட்டுவதற்கு முன் அளந்திருக்க வேண்டியவன் நான். அன்றிலிருந்து என் ஆய்வகத்தில் ஒரு விதி வைத்தேன்: பிஸ்டன் தலையில் உளி படுவதற்கு முன்பும் பட்ட பின்பும் மண்ணெண்ணெய் அளவு பதிவேட்டில் ஏற வேண்டும். எங்கள் இன்ஜினில் ஒரு சி.சி. கூடினாலே 17.5 என்பது 17.1 ஆகிவிடும்.

அடுத்த பிஸ்டனுக்குக் குழி குடையாத வார்ப்பை வாங்கினோம். காடிகள் எடுத்துக்கொள்ளும் கொள்ளளவைக் கழித்து, குழியை அதற்கேற்பச் சிறிதாகக் குடைந்தோம். மொத்த அளவு பழைய பிஸ்டனுக்கு அரை சி.சி.க்குள் நின்றது. இந்தத் தடவை இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. முழுச் சுமையில் முன்பு 22 வினாடியில் தீர்ந்த 10 சி.சி. டீசல், 23 வினாடியை ஒட்டி ஓடியது. மூன்று நாள், மூன்று தடவை எடுத்துப் பார்த்தோம். புகைமானியின் முள்ளும் இறங்கியிருந்தது. அந்த ஒரு வினாடிக்காகத் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறக்க மாட்டேன். நாள் முழுக்க இறைக்கும் விவசாயிக்கு அந்த ஒரு வினாடி எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

*

அதன்பின் பல வடிவங்களைக் குடைந்தேன். நடுவில் கூம்பு போல மேடு விட்டுச் சுற்றிலும் வளையமாகப் பள்ளம் எடுத்தது ஒரு வகை. அதன் நடு மேடு காரணமில்லாமல் வந்ததல்ல. டீசல் தாரைகள் இன்ஜெக்டரின் முனையான நாசிலிலிருந்து விரிந்து வெளியே போகின்றன. குழியின் நடுவில் நிற்கும் காற்றுக்கு அங்கே வேலையில்லை. அந்த இடத்தை உலோகத்தால் அடைத்துவிட்டால், காற்றெல்லாம் தாரை போகும் திசையில் இருக்கும். இன்னொரு வகை, குடத்தைப் போல வாய் குறுகி வயிறு அகன்றது. உள்ளே நுழைந்த சுழல் எளிதில் வெளியேறாது. பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகும் கிண்டுவது நடந்துகொண்டிருக்கும்.

இந்தக் குட வடிவம் எனக்கு இரண்டு பாடம் கற்பித்தது. முதல் பிஸ்டனின் வாய் விளிம்பைக் கூராக விட்டிருந்தேன். சில வாரச் சோதனைக்குப் பிறகு கழற்றினால், விளிம்பில் மயிரிழை வெடிப்புகள். பிஸ்டனிலேயே அதிகம் சுடும் இடம் அந்த விளிம்பு. சூடு ஏறி இறங்கி ஏறி இறங்கி அலுமினியம் அங்கே களைத்துவிடுகிறது. பிறகு எல்லா விளிம்பையும் உருட்டிவிட்டே கொடுத்தேன். காற்று கூர்மையை விரும்பும், உலோகம் விரும்பாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவைக் கண்டுபிடிப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை.

இரண்டாவது, நாசில். குழியின் வடிவம் மாறினால் தாரை போய்த் தொடும் இடமும் மாற வேண்டும். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷரின் தடிமன் அரை மில்லிமீட்டர் மாறினால் போதும், தாரை விளிம்புக்கு மேலே சந்தில் போய் விழும், அல்லது குழியின் அடியில் மோதி வழியும். அதை பிஸ்டனே சொல்லிவிடும். கழற்றிய பிஸ்டன் தலையை நான் துடைக்க விடமாட்டேன். மூன்று துளை நாசில் என்றால் கரியில் மூன்று தடம் சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஈரமாக இருந்தால் அந்தத் துளை ஒழுகுகிறது. ஒன்று காணவில்லை என்றால் அடைத்திருக்கிறது. தடம் விளிம்பைத் தாண்டியிருந்தால் வாஷரைப் பார். அந்தத் தலையைத் துணியால் துடைப்பது, வந்த கடிதத்தைப் படிக்காமல் கிழிப்பது.

*

இந்தத் தேடலில் நமக்கு முன்னோர் பலர். இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ முதல் உலகப் போர் முடிந்த கையோடு, பக்கவாட்டு வால்வு பெட்ரோல் இன்ஜின்களின் ஹெட்டைத் தாழ்த்திச் சந்தை நெருக்கி, காற்றைக் குழப்பியடித்து எரிதலை விரைவுபடுத்தினார். ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தில் சிக்ஃபிரீட் மோய்ரர் 1950-களில் நேர்மாறான வழியில் போனார். பிஸ்டனில் உருண்டைக் குழி குடைந்து, டீசலை அதன் சுவரில் மெல்லிய படலமாகப் பூசினார். சூடான சுவரிலிருந்து அது ஆவியாக ஆவியாகச் சுழல்காற்று வாரிக்கொண்டு போகும். தட்டல் அடங்கி, இன்ஜின் கிசுகிசுப்பது போல ஓடியது. ஆனால் சுவர் குளிர்ந்திருக்கும் நேரத்தில் டீசல் ஆவியாகாது, வெள்ளைப் புகை வரும். சுவர் வழியே வெப்பமும் வீணாகும். அதனால் அந்த வழி நிலைக்கவில்லை. இருந்தாலும், எண்ணெயையும் காற்றையும் சேர்க்க இப்படியும் ஒரு பாதை உண்டு என்று காட்டிய மனிதர் அவர். அவரைப் பற்றிக் கேட்ட அன்று நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிற்பாடு உயர் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் முறை வந்தது. 1997-இல் கார்களுக்கு வந்தபோதே அழுத்தம் 1350 பார். இன்று 2000-ஐத் தாண்டிவிட்டது. எங்கள் ஆய்வக இன்ஜினில் நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார்தான். அழுத்தம் ஏறியதும் தாரையே காற்றை இழுத்துக்கொண்டு கலக்கத் தொடங்கியது. துளைகள் சிறுத்து எண்ணிக்கையில் கூடின, குழிகள் அகன்று ஆழம் குறைந்தன, சுழலைக் குறைத்தார்கள். இப்படித்தான் ஒன்றைப் புரிந்துகொண்டேன்: கலக்குவதற்கான பலத்தைக் காற்று தரலாம், எண்ணெயும் தரலாம். பம்ப்செட் இன்ஜின் போலப் பீய்ச்சும் அழுத்தம் குறைவான இடத்தில், பிஸ்டன் கூடுதலாக உழைக்க வேண்டும். சுழலும் அளவோடு இருக்க வேண்டும். மிஞ்சினால் ஒரு தாரையின் எரிந்த புகை அடுத்த தாரையின் மேல் போய் விழும்.

பீய்ச்சும் அழுத்தம் இவ்வளவு ஏறிய பிறகும் குழி ஓய்ந்துவிடவில்லை. வால்வோ லாரி இன்ஜினில் வந்த பிஸ்டனின் குழிச் சுவரில் அலை அலையாக மேடுகள் இருக்கின்றன. தீ சுவரில் மோதிச் சிதறாமல், அந்த மேடுகளால் திரும்பி, மிச்சமிருக்கும் காற்றைத் தேடி நடுவுக்கு வருகிறது. அந்தப் படத்தைப் பார்த்தபோது, பல்லடத்துச் சந்தில் சும்மா நின்ற காற்றுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

நல்ல கலப்புக்கு ஒரு விலையும் உண்டு. வேகமாக, முழுமையாக எரிந்தால் வெப்பம் ஏறும். வெப்பம் ஏறினால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். எங்கள் காடி பிஸ்டனும் அதைக் கூட்டியது. டைமிங்கை ஓரிரு டிகிரி தள்ளிவைத்துத்தான் அதை இறக்கினோம். புகை குறைந்ததைப் பெரிதாகவும் இதைச் சிறிதாகவும் எழுத வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். அவரும் இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டார்.

*

ஓய்வுபெற்ற பிறகு ஊரில் இருக்கிறேன். போன மாசி மாதம் பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் வந்தார், இருபத்து நாலு வயதிருக்கும். கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். யாரோ கிரைண்டரால் பிஸ்டன் தலையில் காடி வெட்டுகிறார். "அண்ணா, இப்படி வெட்டினா மைலேஜ் ஏறுமாங்க?"

ஏறலாம் என்றேன். ஆசை தப்பில்லை. அந்த ஆசையில்தான் நானும் வெட்டினேன். ஆனால் வெட்டுவதற்கு முன் நாசிலைச் சோதி, ஈயக் கம்பி வைத்துச் சந்தை அள, கேஸ்கெட் ஒன்றா இரண்டா என்று பார். பாதி இன்ஜின்களில் புகை அங்கேயே நின்றுவிடும். அதன்பிறகும் வெட்டத் தோன்றினால், எடுக்கப்போகும் கொள்ளளவை முதலில் கணக்கிட்டுக்கொள்.

அவர் கொண்டுவந்திருந்த பிஸ்டனைத் திண்ணையில் சமமாக நிறுத்தினோம். உள்ளேயிருந்து ப்யூரெட்டையும் கண்ணாடித் தகட்டையும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். கிரீஸ் தடவி ஒட்டினார். குழாயைத் திறந்து, சொட்டு விழ விழ வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். முப்பது சி.சி. தாண்டியதும் குனிந்து, குழிக்குள் எண்ணெய் ஏறிவரும் விளிம்பையே பார்த்தார். நான் எதுவும் பேசவில்லை. அளவை அவரே படிக்கட்டும் என்று காத்திருந்தேன்.